பிரதியீடு

திங்கட்கிழமை கலாராணியின் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். உடுப்பும் பையும் கலாராணியுடையவை. முகம்தான் வேறு. உயர்தரப் பரீட்சை நெருங்கியிருந்ததால் அந்த மன்னார் ரியூசன் வகுப்பில் ஒருவரும் தலை நிமிரவில்லை. பக்கத்திலிருந்த தோழி ஹம்சிகா மட்டும் அவளையே உற்றுப் பார்த்தாள்.

"கலாராணி, பலகைக்கு வாங்கோ," என்றார் பார்த்தீபன் சேர்.

தொகையீட்டுக் கணக்கு என்றாலே கலாராணி பாதியில் விட்டுவிடுவாள். இவளோ தயங்காமல் பிரதியிட்டு, எல்லைகளையும் மாற்றி, விடையை எழுதி முடித்தாள். "இப்பதான் பிள்ளைக்கு விளங்கியிருக்கு," என்று சேர் மகிழ்ந்தார்.

"சேர், இது கலாராணி இல்லை," என்றாள் ஹம்சிகா. வகுப்பே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

மாலையில் இலுப்பைக்கடவை பஸ்ஸில் ஹம்சிகா அவளிடம் கேட்டாள்: "வெள்ளிக்கிழமை அழுதழுது என்னட்ட என்ன சொன்னனி?"

"இந்தமுறையும் பெயிலானா அம்மான்ர முகத்தில முழிக்கேலாதெண்டு சொன்னனான்."

அதைக் கலாராணி தனியே, ஹம்சிகாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

அந்தப் பெண் கலாராணியின் வீட்டடியில் இறங்கி உள்ளே போனாள். ஹம்சிகாவும் பின்னாலேயே ஓடினாள். வாசல் படலையில் கலாராணியின் தாய் பாலம்மா நின்றிருந்தாள்.

"அன்ரி, உள்ள போறது ஆர்?"

பாலம்மா அவள் கையை இறுகப் பற்றினாள். வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மெல்லக் கேட்டாள்.

"அப்ப, உனக்கும் தெரியுதோ?"

"அம்மா, பசிக்குது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பாலம்மா கையை விட்டாள். "ஓம் பிள்ளை, வாறன்," என்று சொல்லிவிட்டுச் சோறு போட உள்ளே போனாள்.