வெயிலில் நின்ற வண்டி

“கெட்டுப்போன பேட்டரியைத் தலையில கட்டிட்டு, இப்ப எங்க மேலயே பழியைப் போடுறீங்களா?”

கணவர் மேசையில் தட்டிய தட்டில் சர்வீஸ் சென்டரே திரும்பிப் பார்த்தது. அந்த மின்சாரக் காரை அவர் கொண்டுவருவது இது மூன்றாவது முறை. பக்கத்தில் மனைவி தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“பேட்டரி இன்னும் கெடலை சார். இப்படியே போனா சீக்கிரம் கெட்டுடும்,” என்றாள் மேனேஜரம்மா. “வண்டி கம்ப்யூட்டர்ல பதிவானதைப் பாத்தா, முழு சார்ஜோட நாள் பூரா வெயில்ல காயுது. சூடுதான் பேட்டரிக்கு எமன். தன்னைக் குளிர வெச்சுக்கவே அது சார்ஜைத் தின்னுது. போதாததுக்கு, நின்ன இடத்துலயே ஏசி வேற மணிக்கணக்கா ஓடுது.”

“எந்த வெயில்? வீட்ல ஷெட்டுக்குள்ள நிக்குது. பச்சப்புள்ள மாதிரி பாத்துக்கறேன். காலையில இவ ஆபீசுக்கு ஓட்டிட்டுப் போறா. அங்க தரைக்குக் கீழ பார்க்கிங், வெயில் எட்டிக்கூடப் பாக்காது. இந்தா இருக்கற ஆபீசுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள பாதிக்கு மேல காலியாகுதுன்னா எவன் நம்புவான்?”

“வாங்க, போயிடலாம்.” மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்த வலது கை மட்டும் முழங்கை வரை கறுத்திருந்தது.

“நீ சும்மா இரு! உனக்கும் சேர்த்துத்தான் கத்திக்கிட்டிருக்கேன்.”

மேனேஜரம்மா பெருமூச்சு விட்டாள். “வண்டி உள்ளதான் நிக்குதுன்னு அவங்க ஆபீஸ்ல யாராவது சொல்லட்டும் சார். புது பேட்டரிக்கு நானே கம்பெனிகிட்டப் பேசுறேன்.”

“அவ்வளவுதானே? செக்யூரிட்டியையே கையோட கூட்டிட்டு வர்றேன்!”

சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். மனைவி பின்னாலேயே ஓடிவந்து கார் கதவை மறித்து நின்றாள்.

“அங்க போக வேணாங்க.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப அந்தம்மா சொன்னது நெசமா? வண்டிய எங்கதான் நிறுத்துற?”

“பார்க் பக்கத்துல... ரோட்டோரமா.”

“அறிவிருக்கா உனக்கு? நான் ஊர்ல உள்ளவங்ககிட்டயெல்லாம் மல்லுக்கட்டிக்கிட்டுத் திரியறேன்! ஆபீஸ்ல நிறுத்துறதுக்கு என்ன கேடு?”

அவள் கார் கதவை விட்டு விலகி நின்றாள்.

“ஆபீஸ்ல என்னையே நிறுத்திட்டாங்க.”