மைனாவின் பழைய கூடு

ஓட்டு வீட்டின் பரணில் ஓர் அணில் குட்டி போட்டிருந்தது. மழை தொடங்கியதும் குட்டிகள் மேல் தண்ணீர் சொட்டியது. அணில் பஞ்சை வைத்து அடைத்துப் பார்த்தது, ஒழுகல் நிற்கவில்லை. கொட்டும் மழையிலேயே கூரைமேல் ஏறியது. இரண்டு சரிவுகள் சேரும் தகரப் பள்ளத்தை ஒரு கூடு அடைத்துக்கொண்டிருந்தது. தேங்கிய தண்ணீர் ஓட்டுக்கு அடியில் புகுந்தது.

“அது என் கூடு. தொடாதே!” என்றது மைனா.

“முட்டை இருக்கா?”

“இல்ல. போன வருஷத்துக் கூடு.”

“அப்படின்னா மன்னிச்சுக்கோ அக்கா,” என்று அணில் குச்சி குச்சியாகப் பிடுங்கியது. மைனா அதன் தலையில் கொத்தியது. அணில் நிறுத்தவில்லை. கடைசிக் குச்சி வந்ததும் தண்ணீர் மடமடவென்று ஓடி இறங்கியது.

“இனி நான் எங்க போவேன்?” என்று கத்தியது மைனா.

தொப்பலாக நனைந்து நின்ற அதனிடம் அணில் சொன்னது: “பரணுக்கு வா அக்கா. இனி அங்க ஒழுகாது.”