அத்தை தேன்

நாத்தனார் பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய போனைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றேன்.

சமையலறை மேடை முழுக்க அவள் கடைதான். கிராம்பு, கல்லுப்பு, ஒரு கிண்ணத்தில் எண்ணெய், நடுவில் அவள் முகத்தையே அச்சடித்து ஒட்டிய தேன் பாட்டில். பெயர் 'அத்தை தேன்'. அந்த அத்தைக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்ததே என் பாப்பாதான்.

இன்றைய நேரலைக்கு அவள் வைத்திருந்த தலைப்பு, 'குழந்தைகளின் பற்கள்: வீட்டிலேயே, இயற்கையாகவே'.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

கல்யாணத்துக்கு முன்பு அவள் எங்களோடுதான் இருந்தாள். எனக்கு ஆஸ்பத்திரி லேபில் மாலை ஷிஃப்ட். பாப்பாவைத் தூங்கவைப்பது அவள் பொறுப்பு. ரப்பர் நிப்பிளைத் தேனில் தோய்த்து வாயில் வைத்துவிடுவாள். பாப்பா சப்பிக்கொண்டே தூங்கிவிடுவாள். பிரஷ், பேஸ்ட் எல்லாம் கெமிக்கலாம், தேன் இயற்கையாம். அதை வீடியோ எடுத்துப் போட்டாள். அதில்தான் அவள் பெரிய ஆள் ஆனாள்.

பாப்பாவின் பற்கள் கறுத்தன. உடைந்தன. சீழ் வைத்தன. வலி தாங்காமல் என் தோளைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். கடைசியில் மயக்க மருந்து கொடுத்து முன்பற்கள் நான்கையும் எடுத்தார்கள்.

என் கணவர் தங்கச்சியை விட்டுக்கொடுப்பாரா? "அவ என்ன தெரிஞ்சா செஞ்சா? விட்டுத்தொலை" என்றார்.

நான் விடவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. வெளியூரில் இருக்கிறவள், வீடியோ காலில் பாப்பா வாயைத் திறப்பதில்லை, பல் போனது தெரிய வாய்ப்பில்லை என்று நம்பிக் காத்திருந்தேன். நானே கூப்பிட்டு, பாப்பாவை வைத்து ஒரு நேரலை பண்ணு, நன்றாக ஓடும் என்று ஆசை காட்டினேன். ஓடோடி வந்தாள்.

அவள் எப்படியும் 'சிரி தங்கம்' என்பாள். பாப்பா வாயைத் திறப்பாள். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும். இவ்வளவுதான் என் திட்டம்.

போனைத் தூக்கிப் பார்த்தேன். திரையில் பாப்பா. போனைக் கண்டதும் அவள் கை தானாக வாயை மூடிக்கொண்டது.

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. சண்டை என்னுடையது. அதற்குக் குழந்தையின் வாயையா ஊருக்குக் காட்டுவேன்? நானும் இவளும் ஒன்றாகிவிடுவோமே. வேண்டாம், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லப் போனேன்.

அதற்குள் நாத்தனார் பாப்பாவின் காதருகே குனிந்தாள். "தங்கம், வாயை மூடிக்கிட்டே சிரிக்கணும், சரியா? பல்லு இல்லாதது யாருக்கும் தெரியக்கூடாது."



இவளுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துதான் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். என் வீட்டுக்காரர் வாயில் எது தங்கியிருக்கிறது, இது தங்க?

பாப்பாவைக் கூப்பிட்டு என் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டேன். வெளிச்சம் பார்க்கிறேன், அசையாமல் நில் என்று நாத்தனாரிடம் சொன்னேன். திரையில் இப்போது அவள் முகம் மட்டும் இருந்தது. அழகாகத்தான் இருந்தாள்.

"பாப்பா பல்லு தேனாலதான் போச்சுன்னு உனக்கு எப்போ தெரியும்?" பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். குரலில் கோபத்தின் வாடைகூட இல்லை. எப்படி முடிந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

"அண்ணன் அப்பவே சொல்லிட்டாரே. என்ன பண்றது அண்ணி, பாட்டில் எல்லாம் போட்டு கடைக்கடையா அனுப்பியாச்சு." முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

அவள் கைக்குழந்தை உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தது. இப்போதுதான் நாலு பல் முளைத்திருக்கிறது. அதற்கும் ராத்திரியில் இதே தேன்தானா என்று கேட்டேன்.

அவள் சிரித்தேவிட்டாள். "நல்லா கேட்டீங்க போங்க! பல் டாக்டர் சொன்ன பேஸ்ட்டுதான் அவளுக்கு. தூங்குற குழந்தை வாயில யாராவது தேனை வைப்பாங்களா?"

கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டாள் மகராசி.

துப்பட்டாவைச் சரிசெய்தாள். பாட்டிலை எடுத்து, பெயர் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டாள். வீடியோவில் வரும் அந்தச் சிரிப்பை முகத்துக்குக் கொண்டுவந்தாள்.

"ஆரம்பிக்கலாமா அண்ணி?"

பாப்பாவின் முகத்தை என் இடுப்போடு அணைத்து மறைத்துக்கொண்டு, போனைத் திருப்பி அவளுக்குத் திரையைக் காட்டினேன்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நேரலையில் கமெண்ட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. எல்லாம் அம்மாக்கள் எழுதுவது. முதல் வரியை அவள் உதடு தன்னை அறியாமல் படித்தது. 'நேத்து ராத்திரிகூட என் குழந்தைக்கு வச்சேனே, அடிப்பாவி.'

பாட்டிலை மேடையில் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்தாள். "நிறுத்துங்க அண்ணி! நிறுத்துங்க!"

நான் அவளைவிட உயரம். கையைத் தூக்கிக்கொண்டேன்.

"இரு," என்றேன். "இன்னும் நிறைய அம்மாங்க வந்துட்டிருக்காங்க."