வேறு குரல்

"ரெண்டு வாரமா தூக்கம் வராம கஷ்டப்பட்டீங்களா?" ஆலோசகர் கேட்டதை நான் தமிழில் கேட்டேன்.

"இல்ல தம்பி. நல்லா தூங்குறேன்."

அந்த அம்மாவின் கண்களுக்குக் கீழே படர்ந்திருந்த கருமை வேறு பதில் சொன்னது. அதை மொழிபெயர்க்க எனக்கு அனுமதி இல்லை. காதில் விழுந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது மட்டுமே என் வேலை.

பசி? எடுக்கிறது. படபடப்பு? இல்லை. வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம்? அதற்கு மட்டும் சற்றுத் தாமதித்து, இல்லை.

பக்கத்தில் இருந்த நாத்தனார் பொறுமையிழந்தார்.

"வீட்ல விடியவிடிய அழுவுறீங்க. இங்க வந்து பிடிச்சு வச்ச பிள்ளையாராட்டம் உக்காந்திருந்தா எப்படி அண்ணி?"

அதையும் சொன்னேன். பிள்ளையாருக்கு மட்டும் ஆலோசகரின் மொழியில் இடம் கிடைக்கவில்லை.

ஆலோசகர் நல்லவர், பேனாவை மூடாமல் காத்திருந்தார். பெருந்தொற்றில் உறவை இழந்த அகதிகளுக்கு அரசு பன்னிரண்டு அமர்வுகள் தருகிறது. ஒன்பது கேள்விகளுக்கும் இல்லை என்பவருக்கு ஒன்றுகூடத் தருவதில்லை. அந்த அம்மா பதினாறு மாதம் காத்திருந்து பெற்ற முறை இது. திட்டம் இம்மாதத்தோடு முடிகிறது.

எட்டாம் கேள்விக்குப் பின் அந்த அம்மா நிமிர்ந்தார்; ஆலோசகரை அல்ல, என்னைப் பார்த்தார்.

"சொல்லணும்னுதான் வந்தேன். உங்க வாயால எப்படி தம்பி? ஆஸ்பத்திரியிலேருந்து போன்ல, 'உங்க வீட்டுக்காரர் தவறிட்டார்'னு சொன்னது நீங்கதானே? இதே குரல்தான். ஒரே ஒரு தடவ மொகத்தக் காட்டுங்கன்னு கெஞ்சினேன். வராதீங்கன்னுட்டீங்க."

நான் மருத்துவர் அல்லேன். மருத்துவர் சொன்னதைச் சொன்னவன். அந்த ஆண்டு அரசின் மொழிபெயர்ப்புச் சேவை வழியே எத்தனை வீடுகளுக்குச் சொன்னேன் என்பது நினைவில்லை. எவர் முகத்தையும் நான் கண்டதில்லை. இதை விளக்கவும் எனக்கு அனுமதி இல்லை.

ஆகவே அவர் சொன்னது முழுவதையும், கெஞ்சியது உட்பட, ஆலோசகரிடம் ஒப்பித்தேன். குரல் பிசிறவில்லை. பயிற்சி அப்படி.

வேறு மொழிபெயர்ப்பாளரைக் கேட்க அந்த அம்மாவுக்கு உரிமை உண்டு என்றார் ஆலோசகர். அரசின் மொழிபெயர்ப்புச் சேவையைத் தொலைபேசியில் அழைத்தால் இப்போதே ஒருவர் கிடைப்பார் என்றார். அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த அம்மா முதன்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"வேற யாரா இருந்தாலும் சொல்லிடுவேன். எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

வெளியே வந்து நடைவழியில் நின்றேன். கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன். ஆலோசகர் எண்களை அழுத்தினார், மொழியின் பெயரைச் சொன்னார், காத்திருந்தார். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேசுவதற்கு ஆயத்தமாக, மேசைப்பக்கம் நகர்ந்து அமர்ந்தார்.

என் சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது.

திரையில் அந்தச் சேவையின் எண்.