சாம்பார் மரம்

ஆஸ்திரேலியச் செப்டம்பர் வெயில் டூங்கபிப் பக்கத்து நூலகத்துக்குள் சாய்வாக விழுகிறது. வசந்தகால அலங்காரத்துக்காக நூலக ஊழியை நிரூபா ஒரு காய்ந்த கிளை நிறையப் பஞ்சுருண்டைகளை ஒட்டி, மஞ்சள் உருண்டைப் பூப் பூக்கும் வாட்டில் மரமாக்கி வைத்திருக்கிறாள். சாயம், வீட்டுக் குசினியின் மஞ்சள்தூள். வாசல் வரை மணக்கிறது. "இது சாம்பார் மரமா ஆன்ட்டி?" என்கிறாள் குட்டி வர்ஷா. "மெல்லக் கதை பிள்ளை. மணக்குதெண்டு மனேஜர் இதைக் கழட்டத்தான் வாறா." மனேஜர் எலன் கிளையை நோக்கிக் கை நீட்டுகிறார். அந்நேரம் தானியங்கிக் கதவு திறக்க, வானவில்லை உடம்பில் பூசிய லொரிகீட் கிளி ஒன்று கீச்சிட்டபடி பறந்து வந்து கிளையில் உட்கார்ந்து, பஞ்சைப் பூவென்றே நம்பித் தேனுக்கு நாக்கை நீட்டுகிறது. நிரூபாவுக்குக் கண் கலங்குகிறது. எலன் நீட்டிய கையை மடக்கி, உதட்டில் விரல் வைத்து, கிளியைத் தவிர எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்கிறார்.