நிழலுக்கு வரி

“அரசு மக்களின் வேலைக்காரன்! அதன் கை எவ்வளவு நீளலாம் என்று அரசியல் சாசனம் அளவெடுத்துக் கொடுத்திருக்கிறது. அதற்குமேல் ஓர் அங்குலம் நீண்டாலும் வெட்ட வேண்டும்!”

இப்படி முழங்கிய தையல்காரர் அப்போது துணி வெட்டும் மேசைக்கு அடியில் ஒளிந்திருந்தார். வரி அதிகாரி தெருமுனைக்கு வந்துவிட்டார்.

“கொஞ்சம் வாயை மூடுங்க,” என்றாள் மனைவி.

“கடைப் பலகைக்கு வரி கட்டினேன். அதுல எரியிற விளக்குக்கும் கட்டினேன். இப்போ பலகையோட நிழல் ரோட்டுல விழுதாம், அதுக்கும் வரியாம்! சூரியன்கிட்ட போய் வசூல் பண்ணச் சொல்லு!”

அதிகாரி உள்ளே வந்தார். மனைவி அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“வாங்க, உட்காருங்க. காபி போடட்டுமா?”

“வேண்டாம், டியூட்டியில இருக்கேன். அவர் இல்லையா?”

“வெளியூர் போயிருக்காரு. கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா? இந்தக் கடையை விட்டா எங்களுக்கு வேற என்ன இருக்கு? உங்களுக்குத் தெரியாததா?”

“நான் விட்டுட்டா என் வேலைக்கு வேட்டு வச்சிடுவாங்க. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். கொஞ்சம் வெளியே வாங்க.”

ஷட்டர் தடதடவென்று இறங்கியது. பூட்டு விழுந்தது. சீல் வைத்தாயிற்று. இருட்டில் தையல்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெளியே அதிகாரியின் குரல் சட்டென்று குழைந்தது.

“அத்தை, ஞாயிற்றுக்கிழமை நானும் உங்க பொண்ணும் சாப்பிட வர்றோம். மாமா வந்ததும் சொல்லிடுங்க.”

சொந்தமாகக் கடை வைத்திருந்த வரனை விரட்டிவிட்டு, கவர்மென்ட் மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் மாமாதான்.