பெல் அடித்தும் நகராத எருமை

நசீமா சைக்கிள் ஓட்டப் பழகி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. எதிரே யார் வந்தாலும் அவளுடைய கட்டைவிரல் பெல்லைத்தான் தேடும். கோழிகள் ஓடின, நாய் ஒதுங்கியது, கீரை விற்கிறவர்கூட ஓரமாக நகர்ந்துகொண்டார்.

"பார்த்தியா? எல்லாரும் எனக்குத்தான் வழிவிடறாங்க. நீ எதுக்கு இந்த வண்டியில தொங்கிட்டிருக்கே?" என்று பிரேக்கிடம் கேட்டது பெல்.

"என்னைத் தொட்டாத்தானே சொல்ல முடியும்," என்றது பிரேக்.

அன்று பாலத்துச் சரிவில் வண்டி வேகமெடுத்தது. கீழே, சாலையின் குறுக்கே ஓர் எருமை நின்றிருந்தது. நசீமா பெல்லை அடித்தாள். எருமை அசையவில்லை. விடாமல் அடித்தாள்.

"இன்னும் நாலு தடவை அடி, நகர்ந்துடும்," என்றது பெல்.

"நகராது! மோதினா சக்கரமும் மடங்கும், இவ பல்லும் போகும். தாயே, விரலை இங்க கொண்டா!" என்று பிரேக் அலறியது.

எருமையின் முதுகில் காய்ந்திருந்த சேறு தெரிகிற அளவுக்கு நெருங்கிய பிறகுதான் நசீமாவின் விரல்கள் பயத்தில் பிரேக்கை இறுக்கின. வண்டி கிறீச்சிட்டு இழுத்துக்கொண்டே போய், எருமையின் வயிற்றில் லேசாக முட்டி நின்றது. நின்ற பிறகும் அவள் பிரேக்கை விடவில்லை.

எருமை நிதானமாகத் திரும்பியது. அதன் கழுத்திலும் ஒரு மணி ஆடியது.

"அட, நீதானா?" என்றது பெல்லைப் பார்த்து. "எங்க அக்காதான் பின்னால மேஞ்சிட்டு வர்றான்னு நினைச்சேன்."